கடைசி வீரர் கடக்கும்வரை

மைனஸ் 18 டிகிரிக் குளிரில் பேனா மக்கர் செய்யும். மை கெட்டியாகி, நாலு எழுத்து எழுதியதும் தாளைக் கீறத் தொடங்கிவிடும். பனிச்சறுக்குப் பந்தயங்களில் பாதையோரம் நிற்கும் ஹாம் வானொலித் தன்னார்வலர்கள் பையில் பென்சில் வைத்திருப்பது இதனால்தான். ஒன்றல்ல, இரண்டு மூன்று. கையுறை போட்ட விரல்களுக்குப் பிடிக்கத் தோதாகத் தடித்த பென்சில்கள். அன்றைக்கு அவர்கள் எழுதப்போவது பெரும்பாலும் எண்கள்தான். வீரர்கள் மேலே கட்டியிருக்கும் எண், அவர்கள் கடந்த நேரம், பாதியில் விலகியவரின் எண், ஆம்புலன்ஸ் கேட்ட நேரம். மாலையில் ஒருவர் வீடு திரும்பவில்லை என்று அவருடைய மனைவி பதறிக்கொண்டு வந்து நிற்கும்போது, அந்தப் பென்சில் எழுத்துதான் பதில் சொல்லும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வடக்கே, கேபிள் என்றொரு சிற்றூர். அங்கிருந்து ஹேவர்ட் ஊர்வரை காட்டுக்குள் சுமார் 50 கிலோமீட்டர் பனிச்சறுக்கிப் போகும் 'அமெரிக்கன் பிர்கபைனர்' பந்தயம் பிப்ரவரியின் கடைசி வாரத்தில் நடக்கும். ஊர்க்காரர்கள் செல்லமாக 'பிர்க்கி' என்பார்கள். டோனி வைஸ் என்ற பனிச்சறுக்கு விடுதி உரிமையாளர் 1973இல் தொடங்கியது. முதல் ஆண்டில் ஓடியவர்கள் 35 பேர். இன்று அந்த வாரத்தின் பந்தயங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். பெயர் நார்வேயிலிருந்து வந்தது. 1206இல் உள்நாட்டுப் போரின்போது, இளவரசர் ஹாகோன் என்ற கைக்குழந்தையை இரண்டு வீரர்கள் பனிமலைகளைத் தாண்டித் தூக்கிச் சென்று காப்பாற்றினார்கள். பிர்ச் மரப்பட்டையைக் காலில் சுற்றிக்கொண்ட படையினர் என்பதால் அவர்களுக்குப் 'பிர்கபைனர்' என்ற பெயர். நார்வேயில் 1932 முதல் நடக்கும் மூலப் பந்தயத்தில் இன்றும் ஒவ்வொருவரும் 3.5 கிலோ மூட்டையைச் சுமந்தே சறுக்க வேண்டும். அது அந்தக் குழந்தையின் நினைவு.

ஒரு குழந்தையைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்த கதையில் பிறந்த பந்தயத்தில், பத்தாயிரம் பேரைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் வேலையில் ஹாம்களும் பங்கெடுக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம்.

ஹாம் என்றால் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர். தேர்வு எழுதி, அரசிடமிருந்து அழைப்புக்குறி ஒன்றைப் பெற்றவர். சொந்தக் காசில் வாங்கிய ரேடியோ, சொந்தக் காசில் போட்ட பெட்ரோல். கூலி கிடையாது; வாங்கவும் கூடாது. அமெரிக்க விதிகளின்படி அமெச்சூர் அலைவரிசையில் கூலிக்கு வேலை செய்வது தடை. ஆசிரியர், மின்பணியாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், கல்லூரி மாணவி என்று எல்லா வகையினரும் இருப்பார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு, காட்டுச் சாலையொன்றின் ஓரத்தில் போய் நின்றுகொள்வார்கள்.

கைப்பேசி இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். விடை மூன்று அடுக்காக இருக்கிறது. முதலாவது, காடு. மேடும் பள்ளமுமான அந்த நிலத்தில் சிக்னல் ஒரு மேட்டில் இருக்கும், அடுத்த பள்ளத்தில் இருக்காது. இரண்டாவது, கூட்டம். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் நின்று படம் அனுப்பத் தொடங்கினால் கோபுரம் திணறிப்போகும். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது கைப்பேசி வலை நெரிசலில் தத்தளித்தது. பந்தயத்துக்கென்று ஏற்கனவே பாதையெங்கும் நின்றிருந்த ஹாம்கள் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதுதான் முக்கியம், அதைப் பலர் யோசிப்பதில்லை. கைப்பேசியில் ஒருவர் பேசினால் இன்னொருவர் மட்டும் கேட்பார். வானொலியில் ஒருவர் பேசினால் பாதை முழுவதும் நிற்கும் எல்லோரும் கேட்பார்கள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஒருவர் விழுந்தார் என்ற செய்தி தலைமையிடத்துக்குப் போகும் அதே நொடியில், பாதையைச் சாலை குறுக்கிடும் அடுத்த கடப்பில் நிற்பவர் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டிக்கு வழிவிடத் தயாராகிவிடுவார். 2022இலிருந்து சில கைப்பேசிகள் செயற்கைக்கோள் வழியாகவே அவசரச் செய்தி அனுப்புகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அதுவும் ஒருவருக்கொருவர் பேசும் வழியே. ஊரைக் கூட்டும் பறை அல்ல.

இந்த ஏற்பாட்டுக்கு 'நெட்' என்று பெயர். நடுவில் 'நெட் கண்ட்ரோல்' எனப்படும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். யார் பேசலாம், எப்போது பேசலாம் என்பது அவர் சொல்படிதான். மற்ற ஆபரேட்டர்கள் அவரவர் நிற்கும் இடத்தின் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொள்வார்கள்: 'உணவு நிலையம் நான்கு', 'சாலைக் கடப்பு மூன்று'. நண்பகலில் ஆள் மாறினாலும் பெயர் மாறாது. பேச்சு முடியும்போதும், நீண்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும், தங்கள் சொந்த அழைப்புக்குறியைச் சொல்லிவிட வேண்டும், அது சட்டம்.

புதிதாக வருபவர்களுக்குப் பேச ஆசையாக இருக்கும். ரேடியோ கையில் இருக்கிறதே! முதல் வீரர் கடந்தார், பனி கொட்டுகிறது, காபி வந்துவிட்டது என்று ஒவ்வொன்றையும் சொல்லத் தோன்றும். அனுபவசாலிகள் அவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது வாயைக் கட்டுவதைத்தான். ஒரே அலைவரிசை, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். உங்கள் காபிச் செய்தி போய்க்கொண்டிருக்கும் அந்தப் பத்து நொடியில் வேறெங்கோ ஒருவருக்கு மூச்சு நின்றிருக்கலாம். ஆறு மணி நேரம் நின்றுவிட்டு ஆறே முறை பேசிய ஆபரேட்டர் சரியாக வேலை செய்தவர்தான். அவர் அந்த ஆறு மணி நேரமும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே அவருடைய உழைப்பு.

அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தவர் வாய் திறக்கும் தருணம் எப்படி இருக்கும்?

"கண்ட்ரோல், சாலைக் கடப்பு மூன்று. முன்னுரிமைச் செய்தி."

"கடப்பு மூன்று, சொல்லுங்கள். மற்றவர்கள் காத்திருங்கள்."

"எண் நான்கு, ஒன்று, ஏழு, இரண்டு. வலது முழங்கால் காயம். நினைவு தெளிவு. நடக்க முடியவில்லை. ஸ்கேட் பாதையில், கடப்புக்கு வடக்கே சுமார் 400 மீட்டர். ஸ்னோமொபைலும் படுக்கையும் தேவை. கூட ஒருவர் இருக்கிறார்."

அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்வியை முன்கூட்டியே தீர்த்துவைக்கிறது. எண்ணை 'நாலாயிரத்து நூற்று எழுபத்திரண்டு' என்று சொல்லாமல் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வது ஏன் என்றால், இரைச்சலில் பாதி விழுங்கப்பட்டாலும் மீதி இலக்கங்கள் நிற்கும். பாதையின் பெயரைச் சொல்வது ஏன் என்றால், பிர்க்கியில் ஸ்கேட் பாணிக்கு ஒரு பாதை, கிளாசிக் பாணிக்கு இன்னொன்று. தவறான பாதையில் போன மீட்புக் குழு மரங்களுக்கு அந்தப் பக்கம் நின்று தேடிக்கொண்டிருக்கும். 'கூட ஒருவர் இருக்கிறார்' என்பதுதான் பலருக்கு மறந்துபோவது. பனியில் தனியாகக் கிடப்பவரும் துணையோடு கிடப்பவரும் ஒன்றல்ல. யாரிடம் முதலில் வண்டி போக வேண்டும் என்பதை அந்த மூன்று சொற்கள் தீர்மானிக்கும்.

பெயரைச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? சொல்லக் கூடாது. அமெச்சூர் வானொலியில் செய்தியை மறைகுறியாக்கி அனுப்ப விதிகள் இடம் தருவதில்லை. ஊரில் ஸ்கேனர் வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். கணவர் விழுந்த செய்தியை மனைவி எல்லைக்கோட்டில் நின்றபடி இன்னொருவரின் ரேடியோவிலிருந்து கேட்க நேரக் கூடாது. எண்ணைச் சொன்னால் போதும். தலைமையிடத்தில் பட்டியல் இருக்கிறது. நிலைமை மோசமாக இருந்தால் இன்னும் குறைவாகப் பேசி, மருத்துவக் குழுவிடம் கைப்பேசி கிடைக்கும் இடத்திலிருந்து விவரம் சொல்வார்கள். உயிர் போய்விட்டதாக ஓர் ஆபரேட்டர் ஒருபோதும் அறிவிக்க மாட்டார். அது மருத்துவர் சொல்ல வேண்டியது.

இடத்தைச் சரியாகச் சொல்வதில் பிர்க்கிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தொடக்க இடமான கேபிள் பேஃபீல்ட் மாவட்டத்தில். முடியும் ஹேவர்ட் சாயர் மாவட்டத்தில். நடுவில் மாவட்ட எல்லை காட்டுக்குள் ஓடுகிறது. மரத்தில் கோடு கிழித்தா வைத்திருக்கிறார்கள்? எந்த மாவட்டத்து ஆம்புலன்ஸ், எந்தச் சாலை வழியாக வந்தால் சீக்கிரம் என்பதை முந்தைய நாளே வரைபடத்தில் குறித்துக்கொண்டு வருபவர்தான் நல்ல ஆபரேட்டர். பாதையின் நடுவில் 'ஓஓ' என்ற எழுத்துப் பெயர் கொண்ட மாவட்டச் சாலை குறுக்கே போகிறது. ஊர்க்காரர்கள் 'டபுள் ஓ' என்பார்கள். வெளியூரிலிருந்து வந்த ஆபரேட்டர் அதைப் பூஜ்யம் பூஜ்யம் என்று எழுதிவைத்தால் குழப்பம்தான். அந்த ஊர் வாயில் புழங்கும் பெயர்களைத் தெரிந்துகொள்வதற்கென்றே ஒருநாள் முன்னதாகப் போய், தான் நிற்கப்போகும் இடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. கார் எங்கே நிறுத்துவது, ஆம்புலன்ஸ் எங்கே திரும்பும், ரேடியோ அங்கிருந்து எட்டுகிறதா: மூன்றும் பகல் வெளிச்சத்தில் பார்த்துவைக்க வேண்டியவை.

குளிரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கோடைக்கால மாரத்தானில் பழகிய ஆபரேட்டரைக் கவிழ்ப்பது அதுதான்.

பேட்டரியிலிருந்து தொடங்கலாம். கையடக்க ரேடியோக்களில் இருப்பது லித்தியம் அயனி. குளிர் ஏற ஏற அதன் உள்ளே வேதிவினை மந்தமாகி, உள்தடை கூடும். இதில் ஒரு மறைகுழி இருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும்போது ரேடியோ மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கும். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், திரையிலும் பேட்டரி நிறைந்திருப்பதாகவே காட்டும். பேசப் பொத்தானை அழுத்தினால் பல மடங்கு மின்னோட்டம் வேண்டும். குளிர்ந்த பேட்டரியால் கொடுக்க முடியாது. மின்னழுத்தம் சரிந்து, ரேடியோ அந்த நொடியே அணைந்துவிடும். நாளெல்லாம் நன்றாகக் கேட்டது, தேவைப்பட்ட ஒரே கணத்தில் ஊமையாகும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. முதல் குளிர்காலப் பந்தயம். உபரி பேட்டரியைத் தோள்பையின் வெளி அறையில் போட்டிருந்தேன், எடுக்கச் சுலபமாக இருக்கும் என்று. ரேடியோவில் இருந்த பேட்டரி அணைந்ததும் அதை எடுத்துப் பொருத்தினேன், அதுவும் அப்படியே. கணுக்கால் சுளுக்கிக்கொண்ட ஒருவர் எதிரே பனியில் உட்கார்ந்திருந்தார். பேட்டரியைச் சட்டைக்குள், அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு, அவருடைய தோளைப் பிடித்தபடி நின்றேன். ஏழெட்டு நிமிடம் கழித்துப் பொருத்தியதும் ரேடியோ உயிர்பெற்றது. அந்த ஏழெட்டு நிமிடம் அவர் நடுங்கியதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து உபரி பேட்டரிகள் உடம்போடு ஒட்டிய உள்பையில்தான் இருக்கும், ரேடியோவும் கோட்டுக்குள்தான். வெளியே தெரிவது கம்பியோடு வரும் ஒலிவாங்கி மட்டும்.

வெளியே தெரியும் அதற்கும் ஒரு கேடு உண்டு. வாய்க்கு நேரே பிடித்துப் பேசினால் மூச்சின் ஈரம் அதன் துளைகளில் உறைந்து குரல் அடைத்துப்போகும். வாயிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். பொத்தான் சந்துகளில் புகும் பனித்தூள் உறைந்தால் பொத்தான் அழுந்தியபடியே நின்றுவிடும். அது ஓர் ஆபரேட்டரின் சங்கடம் மட்டும் அல்ல. அவருடைய ரேடியோ தொடர்ந்து அலையை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒட்டுமொத்த நெட்டும் முடங்கும். பல நிமிடங்கள் யாருமே பேசாமல் அலைவரிசை விசித்திரமாக அமைதியாக இருந்தால், அல்லது யாரோ பனியில் நடக்கும் ஓசை மட்டும் கேட்டால், ஒவ்வொருவரும் முதலில் தன் பொத்தானைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். காரில் ஹீட்டர் போட்டு, பேட்டரி கைக்கு வெதுவெதுப்பாக ஆன பிறகே சார்ஜரில் போடுவார்கள். கார் பேட்டரியையே நம்பி 50 வாட் ரேடியோவை ஓட்டுபவர்கள் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும்: மைனஸ் 18இல் ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். மாலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டுமே.

ஆண்டெனாவுக்கு வருவோம். ரேடியோவோடு கடையில் தரும் குட்டை ரப்பர் ஆண்டெனா ஊருக்குள் போதும், காட்டுக்குள் போதாது. ஹாம்கள் இத்தகைய பந்தயங்களில் பெரும்பாலும் பயன்படுத்துவது 2 மீட்டர் அலைவரிசை. 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கால் அலைநீளக் கம்பி என்றால் சுமார் அரை மீட்டர் நீளம். இந்த ஒரு மாற்றமே இரைச்சலுக்குள் அமிழ்ந்த குரலைத் தெளிவாக்கிவிடும். ரேடியோவை இடுப்பில் தொங்கவிட்டுப் பேசினால் உடம்பே அலையை உறிஞ்சிக்கொள்ளும். உயர்த்தி, ஆண்டெனா நேராக நிற்கும்படி பிடிக்க வேண்டும். கோட்டுக்குள் ரேடியோவை வைத்தால் இந்த விதி அடிபடுமே என்று கேட்கலாம். அடிபடத்தான் செய்யும். அதனால்தான் பலர் காரின் கூரையில் காந்த ஆண்டெனாவை வைத்து, அதிலிருந்து பேசுகிறார்கள். காரை விட்டு நடக்க வேண்டியபோது மட்டும் கைரேடியோ. எட்டவில்லை என்றால் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். பள்ளங்களில் அலை பல பக்கமும் பட்டுத் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் புள்ளிகள் உண்டு. ஒரு மரத்துக்கு இந்தப் பக்கம் செத்த இடம். அந்தப் பக்கம் தெளிவு.

குரலை வாங்கித் திரும்ப அனுப்பும், மேட்டில் நிற்கும் ரிப்பீட்டர் வழியாகப் பேசும்போது பொத்தானை அழுத்தியதும் ஒரு நொடி நிதானிக்க வேண்டும். ரிப்பீட்டர் விழித்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். அவசரத்தில் உடனே பேசினால் முதல் அசை வெட்டுப்படும். 'வேண்டாம்' என்பது 'டாம்' என்று போய்ச்சேர்ந்தால் என்ன ஆகும்? ரிப்பீட்டரே படுத்துவிட்டால்? பனி படர்ந்த ஆண்டெனா, அறுந்த மின்கம்பி, எதுவும் நடக்கலாம். அப்போது மாற வேண்டிய நேரடி அலைவரிசை எது, நடுவில் யார் செய்தியைக் கைமாற்றித் தருவார் என்பது ஒவ்வொருவர் அட்டையிலும் முன்பே எழுதியிருக்க வேண்டும். ரிப்பீட்டர் படுத்த பிறகு அதைச் சொல்ல வழி இருக்காது.

மீட்பு ஸ்னோமொபைல்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கணினி வரைபடத்தில் காட்டும் ஏபிஆர்எஸ் என்ற முறையையும் பல பந்தயங்களில் ஹாம்கள் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பணியாற்றிய பாப் புருனிங்கா உருவாக்கியது. சிறிய ஜிபிஎஸ் கருவி தன் இடத்தை வானொலி வழியே அவ்வப்போது அறிவித்துக்கொண்டிருக்கும். அருமையான உதவி. ஆனால் வரைபடத்தில் நகராமல் நிற்கும் புள்ளி, வண்டி நிற்கிறது என்று சொல்லுமா, கருவியின் பேட்டரி செத்தது என்று சொல்லுமா? குரலில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கருவிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை ஆபரேட்டர்கள் தங்கள் உடம்புக்குக் கொடுப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். சறுக்குபவர் இயங்கிக்கொண்டே இருக்கிறார், உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொள்கிறது. ஆபரேட்டர் நின்ற இடத்தில் நிற்கிறார். அவருக்குச் சறுக்குபவரைப்போல் இரண்டு மடங்கு உடுப்பு வேண்டும். பருத்தி ஆடை கூடவே கூடாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்பு குளிரூட்டும். கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது. கால் வழியாகத்தான் குளிர் முதலில் ஏறும். தடித்த அட்டையோ, பழைய நுரைப் பாயின் துண்டோ எடுத்துவந்து அதன் மேல் நின்றால் வித்தியாசம் அரை மணியில் தெரியும். காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று வீசினால், தோலுக்கு அது மைனஸ் 28 போல உறைக்கும். மூடாத கன்னமும் காது மடலும் அரை மணி நேரத்தில் உறைந்து கெட்டுவிடலாம் என்கிறது அமெரிக்க வானிலைத் துறையின் அட்டவணை.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது ஹைப்போதெர்மியா. அதன் தொடக்க அடையாளங்கள்: நாக்குக் குழறுவது, கை தடுமாறுவது, காரணமில்லாத எரிச்சல், யோசிக்கத் தயங்குவது. பாதிக்கப்பட்டவருக்குத் தனக்கு இப்படி ஆகிறது என்பதே தெரியாது, அதுதான் ஆபத்து. இங்கே நெட் கண்ட்ரோலில் இருப்பவரின் காது வேலை செய்கிறது. காலையில் கணீரென்று பேசிய கடப்பு ஏழு மதியம் இழுத்து இழுத்துப் பேசினால், ஒரே செய்தியை இரண்டு முறை சொன்னால், அழைத்த உடனே பதில் வராமல் மூன்றாவது அழைப்பில் வந்தால், நல்ல கண்ட்ரோலர் உடனே அவரைக் காருக்குள் போய்ச் சூடாக ஏதாவது குடிக்கச் சொல்லிவிட்டு, மாற்று ஆளை அனுப்புவார். அரை மணிக்கு ஒருமுறை எல்லா நிலையங்களையும் பெயர் சொல்லி அழைத்து 'இருக்கிறேன்' என்று பதில் வாங்குவதும் இதற்காகத்தான். முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் வைத்து இன்னொரு மனிதரின் உடல்நிலையைப் படிக்கும் அந்தத் திறமையை எந்தத் தேர்வும் சோதிப்பதில்லை.

விஸ்கான்சினுக்குப் பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் இதே ஹாம்களின் வேலை இன்னும் நீண்டது. சுப்பீரியர் ஏரியின் வடகரையோரம் ஜனவரி கடைசியில் நடக்கும் ஜான் பேர்கிரீஸ் நாய்வண்டிப் பந்தயம் சுமார் 300 மைல் தூரம். அனிஷினாபே பழங்குடியைச் சேர்ந்த பேர்கிரீஸ், 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் அந்தக் கரையில் தபால் சுமந்தவர். குளிரில் நாய்வண்டியில், கோடையில் படகில். அவர் பெயரால் நடக்கும் பந்தயத்தில் வண்டிகள் இரவிலும் ஓடும். நெடுஞ்சாலைக் கடப்புகளில் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஹாம்கள் நின்று, எந்த எண் வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். வண்டியோட்டிக்கு வாய் இருக்கிறது, நாய்களுக்கு இல்லை. எந்த வண்டியில் நாய் நொண்டுகிறது என்பதையும் கவனித்துச் சொன்னால் அடுத்த சோதனைச் சாவடியில் கால்நடை மருத்துவர் தயாராக இருப்பார். பிர்க்கி பிறந்த அதே 1973இல் தொடங்கிய அலாஸ்காவின் இடிடரோட் நாய்வண்டிப் பந்தயத்திலும், தொடக்க ஆண்டுகளில் தொலைதூரச் சாவடிகளை இணைத்தது ஹாம் வானொலிதான்.

பந்தயத்துக்கு உதவுவதில் ஹாம்களுக்கும் லாபம் உண்டு. காசாக அல்ல, பயிற்சியாக. பேரிடர் நேரத்தில் வானொலியைக் கையில் எடுப்பவருக்கு நெட் ஒழுங்கு அதற்கு முன்பே கைவந்திருக்க வேண்டும். தமிழ் வாசகர்கள் மறக்க முடியாத ஓர் உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் இந்திய ஹாம்கள் சிலர் அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார்கள். பொழுதுபோக்குக்கான பயணம். 26ஆம் தேதி காலை சுனாமி வந்து தொலைபேசிகள் அறுந்தபோது, அந்த நிலையமே தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி சுமந்தது. இந்தியாவில் 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதி ஹாம் ஆகலாம். அமெரிக்காவில் தொடக்கநிலைத் தேர்வில் 35 கேள்விகளில் 26 சரியாக இருந்தால் தேர்ச்சி; 2007இலிருந்து எந்த நிலை உரிமத்துக்கும் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உரிமம் வாங்குவது சுலபம்தான். வாங்கிய கையோடு பந்தயத்தில் தனியாக நிற்கப் போய்விடக் கூடாது. முதல் ஆண்டு அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் நின்று, அவர் எழுதும் பதிவேட்டை மட்டும் கவனித்தால் போதும்.

பருவநிலை இந்தப் பந்தயங்களின் முகத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. 2017இல் பனி உருகிப் பிர்க்கி ரத்தானது. 2024இல் 50 கிலோமீட்டர் பாதைக்குப் பனியே இல்லை. செயற்கைப் பனி தூவிய 10 கிலோமீட்டர் வளையத்தில் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். இத்தகைய வளையப் பாதையில் ஆபரேட்டரின் கணக்கும் மாறும். ஒரே எண் உங்களைப் பல முறை கடக்கும். விலகியவரா, அடுத்த சுற்றுக்கு வராதவரா என்று பிரித்தறிவது நீள்பாதையைவிடக் கடினம். உபகரணம் எத்தனை வந்தாலும் ஒவ்வொரு சுற்றையும் தாளில் கோடு போட்டு எண்ணுபவர் தேவைப்படுகிறார்.

பந்தயத்தில் மிகச் சோர்வான வேலை கடைசி இரண்டு மணி நேரம். வெற்றியாளர்கள் முடித்துப் பரிசும் வாங்கியிருப்பார்கள். ஹேவர்டில், உறைந்த ஏரியைத் தாண்டி, பனி கொட்டி மூடிய மெயின் தெருவில் இசை கேட்டுக்கொண்டிருக்கும். காட்டுக்குள் நிற்பவருக்கு அதெல்லாம் எட்டாது. அவர் முன்னால் வருபவர்கள் இப்போது வேறு ஆட்கள்: எழுபது வயதுக்காரர், முதன்முறை ஓடுபவர், கால் பிடித்துக்கொண்டு பத்தடிக்கு ஒருமுறை நிற்பவர். வியர்வை நனைத்த உடுப்போடு மெதுவாகப் போகும் இவர்களுக்குத்தான் குளிர் மிகவும் ஆபத்து. வெயில் சாயும் நேரமும் அதுவே. ஆபரேட்டர்கள் களைத்துப் பெட்டியைக் கட்டத் தொடங்கும் நேரமும் அதுவே. வெந்நீர் தீர்ந்தது என்ற செய்தி காலையில் சாதாரணச் செய்தி. இப்போது அது முன்னுரிமைச் செய்தி.

வரிசையின் கடைசியில் 'ஸ்வீப்' எனப்படும் குழு வரும். அவர்களுக்குப் பின்னால் பாதையில் யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நிலையமும் ஸ்வீப் கடந்ததைச் சொல்லி, விலகியவர்களின் எண்களைக் கடைசியாக ஒருமுறை வாசித்து, கண்ட்ரோல் தன் தாளோடு ஒத்துப் பார்த்து 'சரி' சொன்ன பிறகே விடைபெறும். எண் ஒன்று ஒத்துவரவில்லை என்றால் யாரும் நகர்வதில்லை. பெரும்பாலும் அந்த வீரர் நண்பரின் காரில் ஏறிச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இருந்தாலும் அதை உறுதிசெய்யும்வரை ஸ்னோமொபைல் ஒன்று பாதையில் திரும்பிப் போகும். ஆபரேட்டர் காரின் இன்ஜினை ஓடவிட்டபடி, ஒலியளவைக் கூட்டி வைத்துக் காத்திருப்பார்.

"கடப்பு மூன்று, கண்ட்ரோல். நான்கு, எட்டு, பூஜ்யம், ஆறு வீட்டில் இருக்கிறார். பேசிவிட்டோம். நீங்கள் கிளம்பலாம். நன்றி. 73."

எழுபத்து மூன்று, தந்திக் காலத்திலிருந்து வானொலிக்காரர்கள் விடைபெறும்போது சொல்லும் வாழ்த்து. அவர் பதிலுக்குத் தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, கூரையிலிருந்து ஆண்டெனாவை எடுக்கிறார். கம்பி வடம் குளிரில் குச்சியாக விறைத்திருக்கிறது. பலமாக மடித்தால் மேலுறை வெடிக்கும் என்பதால் பெரிய வளையமாகத் தளர்த்திச் சுற்றுகிறார். ரேடியோவை அப்படியே காரின் சூட்டுக்குள் கொண்டுபோனால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே நின்று, அதைப் பிளாஸ்டிக் ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுகிறார். பென்சிலையும் பதிவேட்டையும் கோட்டின் உள்பையில் செருகிக்கொண்டு, தலைமையிடத்துக்கு வண்டியைத் திருப்புகிறார்.